இணையப் படிவங்கள்: திரை வடிவமைப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் இணையச் செயலிகளின் திரைகளை வடிவமைத்துத் தருவது, அதாவது யூ.ஐ. டிசைன், என் வேலை. புதிதாகச் சேரும் டெவலப்பர்களும் வேலை கொடுப்பவர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஃபார்ம் பற்றியவை. மக்கள் ஒரு செயலியோடு மல்லுக்கட்டுவது அங்கேதான் என்பதால் அது நியாயமும்கூட. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

“யூ.ஐ. டிசைன்னா நல்ல கலரும் ஃபான்ட்டும் தேர்ந்தெடுக்கிறதுதானே?”

அவை கடைசியில் வருபவை. திரைக்கு முன்னால் இருப்பவர், வந்த வேலையை யாரையும் கேட்காமல், பயப்படாமல் முடித்துவிட்டுப் போக முடிகிறதா என்பதுதான் முதல் கணக்கு.

போன வருடம் ஓர் இ-சேவை மையத்தில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். கணினியில் இருந்த பெண்ணின் பக்கத்தில் ஒரு லாங் சைஸ் நோட்டு. எந்தத் தளத்தில் எந்தப் பெட்டியில் எதைப் போட்டால் ஏற்கும் என்று அவரே எழுதி வைத்திருந்தார். “கதவு எண்ணில் சாய்கோடு கூடாது.” “பெயருக்கு நடுவில் புள்ளி வேண்டாம்.” “பேக் பட்டனை அழுத்தினால் எல்லாம் போய்விடும்.” ஒரு பெரியவர் முகவரி சொன்னார்: பழைய எண் 12, புதிய எண் 45ஏ. பெட்டி எண்களை மட்டும்தான் ஏற்றது. அந்தப் பெண் நோட்டைப் பார்க்காமலே 45 என்று அடித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். அந்த நோட்டில் உள்ள ஒவ்வொரு வரியும் திரையைச் செய்தவர் முடிக்காமல் விட்ட வேலை. அதை அந்தப் பெண் தினமும் முடித்துக்கொண்டிருக்கிறார். கீழே நான் சொல்வதெல்லாம் அந்த நோட்டு தேவைப்படாதபடி செய்வது எப்படி என்பதுதான்.

“ஒரு ஃபார்ம்ல அதிகபட்சம் எத்தனை பெட்டி வைக்கலாம்?”

எண்ணிக்கைக்கு விதி கிடையாது. ஒவ்வொரு பெட்டியையும் காட்டி, “இது இல்லாவிட்டால் எந்த வேலை நிற்கும்?” என்று கேளுங்கள். பதில் வராத பெட்டியை எடுத்துவிடுங்கள். பிறந்த தேதியை வாங்கிக்கொண்டு வயதையும் கேட்பது, வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணை வாங்கிக்கொண்டு வங்கிப் பெயரையும் கிளையையும் கேட்பது எல்லாம் கணினி செய்ய வேண்டிய வேலையை மனிதர் தலையில் கட்டுவது. ஆறு இலக்க பின்கோடு வந்ததும் மாநிலத்தையும் மாவட்டத்தையும் நீங்களே நிரப்பலாம். ஒரே பின்கோடு இரண்டு மாவட்டங்களில் விழும் இடங்கள் உண்டு, அதனால் திருத்தவும் விடுங்கள்.

2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தகவலை மட்டுமே வாங்கச் சொல்கிறது. “பின்னாடி மார்க்கெட்டிங்குக்கு ஆகும்” என்று ஒரு பெட்டியைச் சேர்ப்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

“பெட்டிக்குள்ளேயே சாம்பல் நிறத்துல லேபிளைப் போட்டா இடம் மிச்சமாகுதே, அதுல என்ன தப்பு?”

டைப் செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடுகிறது. நடுவில் ஒரு போன் வந்து, பேசிவிட்டுத் திரும்பினால் எந்தப் பெட்டியில் எதைப் போட்டோம் என்று தெரியாது. சரிபார்க்க வேண்டுமானால் அடித்ததை அழித்துத்தான் பார்க்க வேண்டும். சிலர் அந்தச் சாம்பல் எழுத்தை ஏற்கெனவே நிரப்பப்பட்ட பதில் என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். லேபிள் பெட்டிக்கு மேலே, எப்போதும் தெரியும்படி இருக்கட்டும்.

நிறத்திலும் சிக்கல் இருக்கிறது. இணைய அணுகல்தன்மைக்கான உலக வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி., சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாட்டைக் கேட்கிறது. வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் 4.54 வாங்கித் தேறிவிடும். ஒரே ஒரு படி வெளுத்த 777777, 4.48-இல் தவறிவிடும். பலர் ஆசையாகப் போடும் ஏஏஏஏஏஏ என்ற மெல்லிய சாம்பலுக்கு 2.3 தான். ஏசி அறையில், நல்ல மானிட்டரில் அது அழகாகத் தெரியும். மத்தியான வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நிற்பவரின் போனில் பெட்டி காலியாகத் தெரியும்.

“ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் ரெண்டையும் கட்டாயமாக்கிட்டோம். எல்லா ஃபார்ம்லயும் அப்படித்தானே இருக்கு?”

இருக்கிறது, எல்லா இடத்திலும் தொந்தரவு கொடுத்துக்கொண்டும் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தமிழர் பலருக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக முன்னால் நிற்கும், அவ்வளவுதான். “எஸ். முருகன்” என்பவர் உங்கள் லாஸ்ட் நேம் பெட்டியில் எஸ் என்று போட்டால் “குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்” என்கிறது. புள்ளி வைத்தால் “சிறப்புக் குறிகள் கூடாது” என்கிறது. கடைசியில் ஒருநாள் அப்பா பெயரை விரித்து எழுதுவார், இன்னொரு நாள் தன் பெயரையே இரண்டு முறை போடுவார். இப்படி ஒரே ஆளுக்கு ஊரெல்லாம் வேறுவேறு பெயர் உண்டாகிறது. அப்புறம் டிக்கெட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று அலைகிறார். பாஸ்போர்ட்டில் சொந்தப் பெயருக்கான இடம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் அந்த இடத்தில் ‘எஃப்.என்.யூ.’, அதாவது முதற்பெயர் தெரியாது என்று அச்சிடுகிறார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் இருக்கும்போதே இந்த நிலை.

“முழுப் பெயர், உங்கள் அடையாள அட்டையில் உள்ளபடி” என்று ஒரே பெட்டி வையுங்கள். புள்ளி, இடைவெளி, ஓரெழுத்து எல்லாவற்றையும் ஏற்கட்டும். வேறொரு அமைப்புக்கு அனுப்புவதற்காகப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால், லாஸ்ட் நேமைக் கட்டாயமாக்காதீர்கள்.

“தப்பா அடிச்சா பெட்டியைச் சிவப்பாக்குறோம். அது போதாதா?”

போதாது. சிவப்பு–பச்சை பிரித்தறிய முடியாதவருக்கு அது தெரியாது. தெரிந்தவருக்கும் எது தப்பு என்பது புரியாது. என்ன தப்பு, எப்படிச் சரிசெய்வது என்ற இரண்டையும் பெட்டிக்குப் பக்கத்திலேயே எழுத்தில் சொல்லுங்கள். “தவறான உள்ளீடு” என்பது திட்டுவது போன்றது. “மொபைல் எண்ணில் 9 இலக்கம்தான் இருக்கிறது, ஒன்று குறைகிறது” என்பது உதவி. இன்னொன்று: ஒரு பெட்டியில் தப்பு வந்ததற்காக மற்றப் பெட்டிகளில் அடித்ததை அழிக்கவே அழிக்காதீர்கள்.

இதைவிட நல்லது, தப்பே வராமல் பார்த்துக்கொள்வது. ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 11 குறிகள். முதல் நான்கும் எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். பாஸ்புக்கைப் பார்த்து அடிப்பவர்களில் பலர் அந்த இடத்தில் ஆங்கில ‘ஓ’ எழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். அச்சில் இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கிறது! ஐந்தாம் இடத்தில் ‘ஓ’ வந்தால் அது பூஜ்யமாகத்தான் இருக்க முடியும் என்று உங்கள் நிரலுக்குத் தெரியும். அதைத் தானே மாற்றிக்கொண்டு, கிடைத்த கிளைப் பெயரைக் கீழே காட்டினால் வேலை முடிந்தது. அதை விட்டுவிட்டு “தவறான ஐ.எஃப்.எஸ்.சி.” என்று நான்கு முறை விரட்டும் திரைகளைப் பார்த்திருக்கிறேன். மொபைல் எண்ணும் அப்படியே. நடுவில் இடைவெளியோ முன்னால் +91-ஓ வந்தால் நீக்கிவிட்டுப் பத்து இலக்கத்தை எடுத்துக்கொள்ள ஒரு வரி நிரல் போதும்.

“மொபைல் எண், ஓ.டி.பி.க்கெல்லாம் டைப் நம்பர்னு கொடுத்துட்டா சரிதானே?”

இல்லை. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.லில் அந்த வகை கூட்டிக் கழிக்கும் எண்களுக்கானது. பெட்டி தேர்வாகியிருக்கும்போது மவுஸ் சக்கரம் உருண்டால் எண் மாறிவிடலாம். முன்னால் வரும் பூஜ்யமும் தொலையலாம். 0-வில் தொடங்கும் ஓ.டி.பி. வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சாதாரண எழுத்துப் பெட்டியாகவே வைத்து, ‘இன்புட்மோட்’ பண்பில் எண் விசைப்பலகையை மட்டும் கேளுங்கள். ஓ.டி.பி. பெட்டிக்கு ‘ஆட்டோகம்ப்ளீட்’ பண்பையும் சரியாகக் கொடுத்தால், வந்த எஸ்.எம்.எஸ்.ஸிலிருந்து எண்ணைப் போனே எடுத்துக் காட்டும். பேஸ்ட் செய்வதைத் தடுக்காதீர்கள். பெட்டியின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனில் பக்கம் சட்டென்று பெரிதாகிவிடும், அதையும் கவனியுங்கள்.

“பட்டன் எவ்வளவு பெருசா இருக்கணும்?”

2023 அக்டோபரில் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 பதிப்பு குறைந்தபட்சமாக 24-க்கு 24 பிக்சல் கேட்கிறது. ஆப்பிள் தன் வழிகாட்டியில் 44 என்றும், கூகுள் 48 என்றும் தத்தம் அலகில் சொல்கின்றன. நான் 48-ஐப் பிடித்துக்கொள்கிறேன். தொட வேண்டிய இடம் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கை அங்கே போய்ச் சேரும் நேரம் அமைகிறது என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-லேயே அளந்து காட்டிவிட்டார். ‘சேமி’க்குப் பக்கத்தில் ‘அழி’யை ஒட்டி வைக்காதீர்கள் என்பதும் இதில் அடக்கம்.

“சப்மிட்டை ரெண்டு தடவை அழுத்தி, ரெண்டு தடவை பணம் போயிடுச்சுன்னு புகார் வருது. ஜனங்களுக்குப் பொறுமையே இல்லையே?”

பொறுமை இருக்கிறது, பதில்தான் இல்லை. கடைக்காரரிடம் காசை நீட்டி, அவர் முகத்தையே பார்க்காமல் நின்றால் மறுபடி கூப்பிடுவோம் இல்லையா? அதேதான் இது. 1993-இல் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் எழுதிய அளவுகோல் இன்றும் பொருந்துகிறது. 0.1 வினாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 வினாடி வரை யோசனை அறுபடாது. 10 வினாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். எனவே அழுத்திய கணமே பட்டன் மாற வேண்டும். “பணம் அனுப்பப்படுகிறது, இந்தப் பக்கத்தை மூட வேண்டாம்” என்று எழுத்தில் காட்டுங்கள். வெறுமனே சுற்றும் வட்டம், வேலை நடக்கிறதா நின்றுவிட்டதா என்று சொல்லாது.

ஆனால் பட்டனை முடக்குவதோடு நின்றுவிடாதீர்கள். நெட் விட்டு விட்டு வரும் ஊரில் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்து மறுபடி அனுப்புவார்கள். ஃபார்ம் திறக்கும்போதே அதற்கு ஒரு தனி எண் கொடுத்து, அதே எண்ணோடு இரண்டாம் முறை வந்தால் சர்வர் புதிதாகப் பணம் எடுக்காமல் பழைய முடிவையே திருப்பித் தர வேண்டும். இதைத் திரை மட்டும் தனியாகச் சாதிக்க முடியாது.

“‘நிச்சயமா?’ன்னு ஒரு பாப்அப் வச்சிட்டா பாதுகாப்புதானே?”

நாளைக்கு இருபது முறை வரும் பாப்அப்பை யாரும் படிப்பதில்லை. கை தானாக ‘ஆம்’ அழுத்திவிடும். 2020 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்காவில் சிட்டிபேங்க்கில் நடந்தது இதற்குப் பெரிய சாட்சி. ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு 78 லட்சம் டாலர் வட்டி மட்டும் அனுப்ப வேண்டும். அசல் தொகை வெளியே போகாமல் வங்கியின் உள் கணக்குக்கே போக வேண்டுமென்றால் மூன்று பெட்டிகளில் குறிக்க வேண்டும். ஒன்றில்தான் குறித்தார்கள். மூன்று பேர் பார்த்து ஒப்புதல் கொடுத்தார்கள். பணம் வங்கியை விட்டு வெளியே போகிறது, தொடரலாமா என்று ஓர் எச்சரிக்கையும் வந்தது. ஆனால் எவ்வளவு பணம் என்று அது சொல்லவில்லை. கிட்டத்தட்ட 90 கோடி டாலர் போய்விட்டது. திரும்ப வராத சுமார் 50 கோடிக்காக வங்கி வழக்கு நடத்தி, 2021-இல் தோற்று, 2022-இல் மேல்முறையீட்டில்தான் சாதகமான தீர்ப்பு வாங்கியது. அந்த எச்சரிக்கையில் தொகை இருந்திருந்தால் மூவரில் ஒருவராவது நின்றிருப்பார் என்று நான் நம்புகிறேன்.

எனவே, திரும்பப் பெறக்கூடிய செயலுக்குப் பாப்அப்பே வேண்டாம். செய்துவிட்டு, “அழிக்கப்பட்டது, மீட்டெடு” என்று சில வினாடி காட்டுங்கள். ஜிமெயில் அனுப்பிய மெயிலை 30 வினாடி வரை நிறுத்த விடுவது இப்படித்தான். திரும்பப் பெறவே முடியாத செயலுக்கு மட்டும் கேளுங்கள். அதிலும் எது, எவ்வளவு, யாருக்கு என்பது கேள்வியிலேயே இருக்கட்டும். பட்டனில் ‘ஆம்’ என்று எழுதாமல் “ரூ. 1,25,000 அனுப்பு” என்று எழுதுங்கள். காற்புள்ளியை லட்சக் கணக்கில் போடுங்கள். 125,000 என்று இருந்தால் நம்மூர்க் கண் ஒரு நொடி தடுமாறும்.

“இங்கிலீஷ் திரையை அப்படியே தமிழாக்கிட்டா வேலை முடிஞ்சதுதானே?”

வேலை அங்கேதான் தொடங்குகிறது. தமிழ்ச் சொல் நீளம். ஆங்கிலத்தில் ஐந்தாறு எழுத்தில் முடியும் பட்டன் இங்கே ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பி’ என்று ஓடும். அகலத்தைப் பிக்சலில் கட்டிப்போட்ட பட்டனில் பாதி வெட்டுப்படும். மேலே இகரக் கொக்கி, கீழே உகரச் சுழி என்று இரண்டு பக்கமும் இடம் வேண்டுமென்பதால் வரி உயரத்தை எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். எழுத்துகளுக்கு இடையே செயற்கையாக இடைவெளி கூட்டாதீர்கள், கொம்பும் காலும் தனியே விலகி நிற்கும். சாய்வெழுத்தும் தமிழுக்கு ஒட்டாது.

நம் கண்ணுக்குத் தெரியாத சிக்கல்கள் இன்னும் மோசம். ‘முத்துக்குமாரசாமி’ என்பதில் நமக்கு ஒன்பது எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு என்பதால் கணினிக்கு அது 17. பெட்டியின் நீளத்தை 16 என்று வைத்தால் அவர் பெயர் ‘முத்துக்குமாரசாம’ என்று நிற்கும். பெயரில் எழுத்து மட்டும்தான் வரலாம் என்று விதி எழுதுபவர்களும் கவனிக்க வேண்டும். யூனிகோட் கணக்கில் நம் கால், கொம்பு, புள்ளி எதுவும் ‘எழுத்து’ வகையில் இல்லை. அவை ‘குறி’ என்ற வேறு வகை. விதியில் அதையும் சேர்க்காவிட்டால் எந்தத் தமிழ்ப் பெயரும் தேறுவது கஷ்டம். எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கிலத்துக்கு 160 குறி கிடைக்கும் இடத்தில் தமிழுக்கு 70 தான், எனவே ஓ.டி.பி. செய்தியைச் சுருக்கமாக எழுதுங்கள்.

கடைசியாக, மொழிநடை. ‘கடவுச்சொல்’ இன்று எல்லோருக்கும் புரியும். ‘பதிவேற்றுக’வும் பழகிவிட்டது. ஆனால் ஓ.டி.பி.க்கு ‘ஒருமுறைக் கடவுச்சொல்’ என்று மட்டும் போட்டால், மக்கள் போனில் வந்த எண்ணைத் தேட மாட்டார்கள், பழைய பாஸ்வேர்டை அடிப்பார்கள். இதை நேரில் பார்த்த பிறகு நான் ‘ஓ.டி.பி. எண்’ என்றே எழுதுகிறேன்.

“போட்டோ 50 கே.பி.க்கு மேல வாங்கக்கூடாதுன்னு சர்வர் டீம் சொல்றாங்க. என்ன பண்ணலாம்?”

அவர்கள் சேமிப்பது 50 கே.பி.யாகவே இருக்கட்டும். சுருக்கும் வேலையை விண்ணப்பிப்பவர் மேல் ஏற்றாதீர்கள். இன்றைய போன் எடுக்கும் படம் சாதாரணமாகவே சில எம்.பி. இருக்கும். அதை 50 கே.பி.யாக்கத் தெரியாமல் பஸ் ஏறி பிரவுசிங் சென்டருக்குப் போகிறவர்கள் ஆயிரம் பேர். அனுப்புவதற்கு முன் பிரவுசருக்குள்ளேயே படத்தைச் சிறிதாக்கிவிட முடியும், நெட்டும் மிச்சம். முதல் பதிலில் சொன்ன நோட்டில் ஒரு பக்கம் முழுக்க இந்தக் கே.பி. கணக்குதான் இருந்தது.

“பார்வையில்லாதவங்க யாரும் எங்க ஆப்பைப் பயன்படுத்துறதில்லை. அவங்களுக்காக ஏன் தனியா மெனக்கெடணும்?”

பயன்படுத்த முடியவில்லை என்பதால் வராமல் இருக்கலாம் அல்லவா? படியேற முடியாதவர் மாடிக்கடைக்கு வரவில்லை என்றால் அவருக்குக் கடையே தேவையில்லை என்று ஆகாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைக் கருணையாகப் பேசவில்லை, உரிமையாகப் பேசுகிறது.

தனியாக மெனக்கெடவும் வேண்டாம். லேபிளை அதன் பெட்டியோடு நிரலில் இணைத்தால், திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் சரியாகப் படிக்கும். லேபிளைத் தொட்டாலே பெட்டி திறப்பது எல்லோருக்கும் வசதி. பக்கத்தின் மொழி தமிழ் என்று குறித்தால் தமிழ்க் குரலில் படிக்கும். குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழை மென்று துப்பும். படத்தில் உள்ள எழுத்தை அடிக்கச் சொல்லும் கேப்ட்சா அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். அப்புறம் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் உங்கள் ஃபார்மை முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடத்தில் பாதி ஓட்டை தெரிந்துவிடும்.

“இன்ஷூரன்ஸ் கட்டத்துல முன்னாடியே டிக் போட்டு வைக்கச் சொல்றார் கிளையன்ட். அவர் பணம், அவர் இஷ்டம்தானே?”

போவது அவர் பணமல்ல, வாங்குபவரின் பணம். ஆளை ஏமாற்றிச் சம்மதம் வாங்கும் இத்தகைய திரைகளுக்கு வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் 2010-இல் ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர் வைத்தார். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் இதற்கென்றே வழிகாட்டு நெறிகளை அறிவித்து, 13 வகைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, “இன்னும் இரண்டே இருக்கிறது” என்ற பொய் அவசரம், வேண்டாம் என்பவரைக் குற்ற உணர்வுக்குத் தள்ளும் வாசகம், சந்தாவை நிறுத்த விடாமல் சுற்றவிடுவது எல்லாம் அதில் உண்டு.

கிளையன்ட்டிடம் இந்த ஆவணத்தை எடுத்துக் காட்டுங்கள். நியாயம் பேசி மாறாதவர்கள்கூடச் சட்டம் என்றதும் மாறியதைப் பார்த்திருக்கிறேன். மாறாத ஒருவரின் வேலையை நான் விட்டுவிட்டேன். அது எளிதான முடிவு இல்லைதான், ஆனால் மேலே நூறு விதி பேசிவிட்டு இதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

“டெஸ்ட் பண்ண ஆளும் இல்லை, பணமும் இல்லை. எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

ஐந்து பேர் போதும். மொத்தமாக நூறு பேரைக் கூட்டாமல், ஐந்தைந்து பேரை வைத்துச் சோதித்துத் திருத்தி மறுபடி சோதிப்பதே பலன் தரும் என்று, எட்டாவது பதிலில் சொன்ன நீல்சன் 2000-இல் எழுதினார். என் அனுபவமும் அதுதான். மூன்றாவது ஆள் தடுமாறும் இடம் பெரும்பாலும் முதல் இருவரும் தடுமாறிய இடமாகவே இருக்கும்.

உங்கள் அலுவலகத்துக்கு வெளியே உள்ளவர்களாக இருக்கட்டும். கையில் அவர்களுடைய போன், அவர்களுடைய நெட். “இதில் ஒரு விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். இதுதான் கஷ்டம். அவர் தவறான பட்டனைத் தேடும்போது உங்கள் விரல் தானாக நீளும், மடக்கி வையுங்கள். அவர் நின்ற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் அவர் “எனக்குத்தான் தெரியலை சார், மன்னிச்சுக்கோங்க” என்பார். அநேகமாக எல்லோரும் சொல்வார்கள். தப்பு உங்கள் மேல் இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கே அந்தப் பெட்டியைத் திருத்துங்கள்.

ஐவரில் ஒருவர் இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ வேலை செய்பவராக இருந்தால் இன்னும் நல்லது. நான் இப்போது ஒவ்வொரு ஃபார்மையும் வெளியிடுவதற்கு முன் அந்த லாங் சைஸ் நோட்டுக்காரரிடம்தான் காட்டுகிறேன், அவர் நேரத்துக்கு உரிய பணமும் கொடுத்துவிடுகிறேன். போன முறை முழுவதையும் நிரப்பிவிட்டு, ஒரே ஒரு வரிதான் எழுத வேண்டியிருந்தது என்றார்: “தேதியில் மாதம் முதலில் வருகிறது.” அன்று மாலையே அதை மாற்றிவிட்டோம்.